பொதுநிலையினர்: சொல்லும் பொருளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பாகான் செராயில், கத்தோலிக்கத் தேவாலயத்தின் ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் (பூசைக்கு) போகிறவர்களுக்குப் பழகிய சொல் ‘பொதுநிலையினர்’. மன்றாட்டில் வரும், ஆயரின் (பிஷப்பின்) சுற்றுமடலில் வரும். அப்படியென்றால் யார் என்று கேட்டால், “ஃபாதரும் சிஸ்டரும் போக மிச்சம் இருக்கிறவங்க” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆள்கணக்காகப் பார்த்தால் அது சரி. ஆனால் திருச்சபை இந்தச் சொல்லுக்குள் ஒரு வேலையையும், அந்த வேலைக்கான இடத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ‘மிச்சம்’ என்கிறபோது அந்த இரண்டும் காணாமல் போகின்றன.

முதலில் வேர். கிரேக்கத்தில் ‘லாவோஸ்’ என்றால் மக்கள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு கடவுளுடைய மக்களை இந்தச் சொல்லால்தான் அழைக்கிறது. அதிலிருந்து பிறந்தது ‘லாயிகோஸ்’, மக்களைச் சேர்ந்தவர். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையின் கிளமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்திலேயே இது வந்துவிட்டது. பிறகு லத்தீனில் ‘லாயிகுஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘லேமன்’ ஆனது. ஆங்கிலத்துக்கு வந்த இடத்தில் ‘துறை தெரியாதவர்’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. அகராதியைத் திறந்தால் ‘பாமரன்’ என்று போட்டிருப்பது அதனால்தான். மருத்துவம், சட்டம் பேசும்போது அது பொருந்தலாம். கோயில் சங்கதியில் அதை எழுதவே கூடாது.

தமிழில் ‘பொது’ தன்னளவில் தாழ்ந்த சொல்லல்ல. தில்லையில் இறைவன் ஆடும் அம்பலத்துக்கே ‘பொது’ என்று பெயர். குறளை உலகப் பொதுமறை என்கிறோம். எல்லாருக்கும் உரிய இடம், எல்லாருக்கும் உரிய நூல். நம் பக்கத்து மொழியும் இங்கே ஒத்துப்போகிறது: மலாயில் இவர்களுக்குக் ‘காவும் அவாம்’ என்று பெயர். பொது நூலகத்தைப் ‘பெர்புஸ்தகாஆன் அவாம்’ என்கிறோமே, அதே அவாம். அப்புறம் ‘நிலை’. இல்லறம் ஒரு நிலை, துறவறம் ஒரு நிலை. குருப்பட்டம் பெற்றவர் திருநிலைப்படுத்தப்பட்டவர், அதனால் திருநிலையினர். திருமுழுக்கால் (ஞானஸ்நானத்தால்) வந்த பொதுவான நிலையிலேயே நின்று, அதையே தம் அழைப்பாக வாழ்கிறவர் பொதுநிலையினர். ‘இல்லறத்தார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மணமாகாதவரும் இதில் உண்டு என்பதால் அது போதாது. ‘விசுவாசிகள்’ என்றால் குருவும் ஆயரும்கூட அதற்குள் வந்துவிடுவார்கள்.

சரி, அந்த வேலை என்ன? உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் பொதுநிலையினருக்கென்றே ஓர் இயல் உண்டு. 1965 நவம்பர் 18-இல் அவர்களுடைய திருத்தூதுப் பணி பற்றித் தனி ஆணையும் வந்தது. அவர்களுக்கே உரிய இயல்பு என்று சங்கம் எதைச் சொன்னது தெரியுமா? உலகு சார்ந்த இயல்பை. குடும்பம், வேலை, ஊர்க் காரியம், அரசியல் ஆகியவற்றுக்கு உள்ளிருந்தே, புளிப்பு மாவு போல, உலகைப் புனிதப்படுத்துவது அவர்கள் பங்கு.

‘உலகு சார்ந்த’ என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் ‘செக்யுலர்’ என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிட வேண்டும். லத்தீன் ‘சேக்குலும்’ முதலில் தலைமுறை, காலம் என்றும், பின்னர் உலகம் என்றும் பொருள்பட்டது. லத்தீன் பூசை கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு ‘சேக்குலா சேக்குலோரும்’ நினைவிருக்கும். ‘என்றென்றும்’ என்பதற்கான தொடர் அது. தமிழில் இதற்கு ‘மதச்சார்பின்மை’ என்று ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறோம். அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாதிருப்பது மதச்சார்பின்மை. கடவுளைக் கணக்கில் சேர்க்காமலே நாள் ஓடிவிடும் வாழ்க்கைமுறை உலகியல் பண்பாடு. நற்செய்தி போய்ச் சேர வேண்டியது இரண்டாவதற்குள்.

நம் ஊரில் இந்த உலகியல் பண்பாடு நாத்திகமாக வருவதில்லை. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போனால் கோயில், சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகை இடம்), தேவாலயம் எல்லாம் வரும். எல்லார் வீட்டிலும் சாமி படம் இருக்கிறது. ஆனால் ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடனின் வட்டியிலும், செம்பனைக் குலை நிறுக்கும் தராசிலும், வெளிநாட்டுத் தொழிலாளியின் சம்பளச் சீட்டிலும் சாமிக்கு இடமில்லை என்று எல்லாருமாக ஒப்புக்கொண்டதுபோல் நடக்கிறோம். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் எந்தக் குருவும் நிற்கப்போவதில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி நிற்கிறார். அவர் கத்தோலிக்கராக இருந்தால், சரியாக நிறுத்து எழுதுவது அவருடைய நற்செய்திப் பணி. இதைச் சொன்னால் “அது வேலைதானே, கோயில் காரியமா?” என்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி அது. வாசகம் வாசிப்பதும் காணிக்கை எடுப்பதும் நல்ல பணிகள்தாம். அவற்றோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் சோதனையைத் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் 1988-இல் பொதுநிலையினருக்கு எழுதிய ஊக்கவுரையில் நேராகவே சுட்டிக்காட்டினார்.

‘நற்செய்தி அறிவிப்பு’ என்றதும் மதமாற்றம் என்று பதறவும் வேண்டாம். ‘எவாங்கெலியோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நல்ல செய்தி என்றே பொருள். பழைய தமிழில் சுவிசேஷம், இன்று நற்செய்தி. நம் நாட்டு அரசமைப்பின் 11-ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த எல்லைக்கு மதிப்புக் கொடுத்துத்தான் வாழ்கிறோம். திருத்தந்தை ஆறாம் பவுலும் 1975-இல் வாழ்வின் சாட்சியத்தையே முதல் படியாக வைத்தார். யாராவது காரணம் கேட்கும்போது சொல்லத் தெரிந்திருப்பது அடுத்த படி.

இந்தச் சொல்லுக்கு உருவம் கேட்டால் நான் காட்டுவது புனித தேவசகாயத்தை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர், மணமானவர். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பின்பு மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய்தான் அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர். சொத்து இழந்து நொந்திருந்தவரிடம், விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. டிலனாயும் குருவல்ல, போர்வீரர். வேலை செய்யும் இடத்தில், துன்பத்தில் இருந்த ஒரு நண்பருக்கு மற்றொரு நண்பர் சொன்னது. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், சிறைப்பட்டார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று உலகமே எழுதியது.

பாகான் செராய்க்கும் இது புதிதில்லை. பிரெஞ்சுக் குருவான ரெனே ஃபே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்திய ஊர் இது. 1896-இல் அவர் மலாக்காவின் ஆயரானார். அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்துக்கும் குரு அடிக்கடி வர முடியாது. இடைப்பட்ட நாள்களில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஜெபமாலை சொல்லவைத்ததும், பிள்ளைகளுக்கு மந்திரம் (ஜெபம்) கற்றுக்கொடுத்ததும், சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் உபதேசியாரும் வீட்டுப் பெண்களும். உபதேசியார் என்ற பழைய சொல்லே இன்று ‘வேதியர்’ என்று வழங்குகிறது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை முறையான திருப்பணியாகவே நிறுவினார்.

எழுதும்போது கவனிக்க: ‘குருக்களும் மக்களும்’ என்று பிரித்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘மக்கள்’ என்பது அனைவரையும் சேர்த்த சொல், குருவும் அதில் ஒருவர். ‘குருக்கள், துறவியர், பொதுநிலையினர்’ என்று எழுதுவதே சரி. ஒருவரைச் சொல்வதானால் ‘பொதுநிலையினர் ஒருவர்’ எனலாம். ‘சாதாரண விசுவாசி’ என்பதைத் திருவிழா அழைப்பிதழில் பார்த்தால் அடித்துவிட்டு மாற்றிக் கொடுங்கள்.