யாழினியை எத்தனை விதமாகக் கூப்பிடுவது?

அண்ணனுக்கு புனேயில் வேலை. அவன் மகள் யாழினிக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். கையில் ஆங்கிலச் சீட்டோடு வெளியே வந்த செவிலியர் "யாஜினி... யாஜினி" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறைதான் அண்ணிக்கு உறைத்தது, அது நம் பிள்ளை!

வீட்டிலும் கதை அப்படித்தான். மதுரை அம்மாச்சிக்கு அவள் 'யாளினி'. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பாட்டிக்கு 'யாயினி'. மூன்று வயதாகும் அவளும் தன்னை யாயினி என்றுதான் சொல்லிக்கொள்கிறாள்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ல சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டும். காற்று நாக்கின் ஓரங்கள் வழியே போகும். ள வரும்போது நுனி பின்னால் மடங்கி மேலண்ணத்தில் ஒட்டும். ழ சொல்லவும் நாக்கு மடங்குகிறது, ஆனால் எங்கும் ஒட்டுவதில்லை. அண்ணத்தை நெருங்கி, ஓர் இடுக்கு விட்டு நின்றுவிடுகிறது. காற்று நடுவிலேயே உரசாமல் நழுவுகிறது.

ஆக, ழ என்பது இரண்டு வேலை: மடக்க வேண்டும், தொடக் கூடாது. தொட்டால் 'தொட்டுவிட்டோம்' என்று நாக்குக்குத் தெரியும். தொடாமல் அந்தரத்தில் நிறுத்துவதற்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. அதனால் இரண்டில் ஒன்று நழுவிவிடுகிறது. அம்மாச்சி மடக்கலை வைத்துக்கொண்டு அண்ணத்தைத் தொட்டுவிடுகிறார், ள வருகிறது. பாட்டி தொடாமல் இருக்கிறார், மடக்கலை விட்டுவிடுகிறார், ய வருகிறது. வாளப்பளமும் வாயப்பயமும் இதே கணக்குதான். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழ பெரும்பாலும் ளகரமாகிவிடும். யாழினியின் விஷயம் வேறு. ர, ழ மாதிரியான ஒலிகள் குழந்தைகளுக்குக் கடைசியில்தான் கைவரும், அவசரப்பட வேண்டியதில்லை.

ழ ஏன் அப்படிக் குழைந்து ஒலிக்கிறது? வாயை ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வடிவத்துக்கு ஏற்பச் சில அதிர்வெண்கள் மட்டும் ஓங்கி ஒலிக்கும். இவைதான் ஒத்ததிர்வுகள், கீழிருந்து மேலாக எண்ணுவார்கள். நாக்கு மடங்கும்போது அதன் அடியில் ஒரு சின்னக் குழிவு உண்டாகிறது. அதனால் மூன்றாவது ஒத்ததிர்வு, இரண்டாவதை நெருங்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்கர்கள் சொல்லும் 'ர்' ஒலியின் அடையாளமும் இதே இறக்கம்தான். தமிழின் இந்த ஒலிகளை ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் எம்.ஆர்.ஐ. படமெடுத்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். தொல்காப்பியரோ ஸ்கேன் இல்லாமலே, நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று ர, ழ இரண்டையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்துவிட்டார். லகர ளகரத்தோடு வைக்கவில்லை.

வெளியூர்க் காதுகளுக்கு இந்தக் குழப்பம் பழசு. சோழர் ஆங்கிலத்தில் 'சோலா' ஆனார்கள், சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனது. ஒரே ழ, ஒரு பக்கம் ல, இன்னொரு பக்கம் ர. இப்போது நாம் எழுதும் 'இசட், எச்' கூட்டணி நமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. புனே செவிலியருக்கு அது தெரிய நியாயமில்லை. (ழ உலகிலேயே தமிழில் மட்டும்தான் என்பதும் நம் பெருமைப் பேச்சுதான். மலையாளத்தில் நன்றாகவே இருக்கிறது. சிலி நாட்டு மாப்புச்சே மக்களின் மொழியிலும் இதற்கு நெருங்கிய ஒலி உண்டு.)

இத்தனை தொல்லையிலும் பெற்றோருக்கு இந்தப் பெயர் ஏன் பிடிக்கிறது? மறைமலை அடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழ்ப் பெயர்களுக்கு வழி திறந்தது என்பது ஒரு பாதி. மறுபாதி காதில் இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் அடித்த பிறகு அமெரிக்காவில் 'க்' ஒலியில் தொடங்கும் பெயர்கள் கூடியதாக 2012இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அடிக்கடி கேட்ட ஒலி, புதுப் பெயரிலும் இதமாகப் படுகிறது. மாலினி, ஷாலினி, நந்தினி என்று பழகிய காதுக்கு யாழினி பாதி தெரிந்த பெயர். மீதிப் பாதியில் யாழ் இருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் கயல்விழி, கனிமொழி வைக்கத் தயங்குகிறவர்கள்கூட யாழினிக்குச் சட்டென்று தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணிக்கு அடுத்த மாதம் பிரசவம். பெண்ணாக இருந்தால் மகிழினியாம்.