கோட்டுக்குக் கீழே ஒரு கட்டம்

சேரன்மகாதேவி பக்கத்துக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று என் மேசைக்கு வந்தது. வீட்டிலிருந்தே போன் அடித்தால் மோட்டார் ஓட வேண்டும், ஓடவில்லை. உள்ளே கண்ட்ரோலரும் சிம் போட்ட ஜிஎஸ்எம் மாட்யூலும் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும். அதை ஒட்டுக்கேட்க லாஜிக் அனலைசரை மாட்டி, பல்ஸ்வியூ மென்பொருளைத் திறந்தேன்.

அனலைசருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கம்பியில் மின்னழுத்தம் இப்போது மேலா, கீழா? நொடிக்குப் பத்து லட்சம் முறை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். திரையில் தெரிவது ஏறி இறங்கும் கோடு மட்டும்தான்.

அதை எழுத்தாக்குவது டிகோடர் என்கிற சின்ன பைத்தான் நிரல். பிட்களை ஒரு கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் யுஆர்ட் முறையில் சும்மா இருக்கும் கம்பி மேலேயே நிற்கும். கீழே விழுந்தால் ஸ்டார்ட் பிட், அதாவது ஓர் எழுத்து ஆரம்பம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குச் சுமார் 104 மைக்ரோ நொடி. ஓரத்தில் பார்த்தால் ஏமாறலாம் என்பதால், ஒவ்வொரு பிட்டையும் டிகோடர் நட்டநடுவில்தான் எட்டிப் பார்க்கும். ஆங்கில 'ஏ' எழுத்து 1 0 0 0 0 0 1 0 என்று வரும். வலக்கோடி பிட் முதலில் வருவது யுஆர்ட்டின் வழக்கம். திருப்பிப் போட்டால் 01000001, ஹெக்ஸ் என்கிற பதினாறடிமான எண்முறையில் 41; அதுதான் 'ஏ'வின் எண். அப்புறம் கோடு மேலே ஏறினால் ஸ்டாப் பிட், எழுத்து முடிந்தது. கணக்கு சரி.

இதில் எனக்குப் பிடித்தது, படித்ததைக் கோட்டுக்குக் கீழே கட்டம் கட்டமாக வரையும் விதம். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்பதோடு, ஒரே சேதிக்கு நீளமும் குட்டையுமாகப் பல பெயர்களை டிகோடர் கொடுத்துவிடும்: 'ஸ்டார்ட் பிட்', 'ஸ்டார்ட்', 'எஸ்'. கட்டத்துக்குள் எது கொள்ளுமோ அதை மென்பொருள் எழுதும். பஸ் போர்டில் அம்பாசமுத்திரம், பேச்சில் அம்பை என்கிறோமே, அந்த மாதிரி. ரொம்பச் சுருக்கினால் எழுத்தே போய் வெறும் பட்டைதான்.

சரி, பெட்டிக்கு வருவோம். கண்ட்ரோலர் வரிசையில் 'ஏ', 'டி' என்று அழகான கட்டங்கள், திரும்பத் திரும்ப; 'இருக்கிறாயா?' என்று மாட்யூலைக் கூப்பிடுவது அது. மாட்யூலிடமிருந்து 'ஓகே' வரவில்லை. ஆனால் பவர் கொடுத்ததும் அது தானாக ஏதோ சொல்லியிருந்தது; கட்டங்களில் பார்த்தால் குப்பை, நடுவே, ஸ்டாப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்லும் 'ஃபிரேம் பிழை' வேறு. கட்டங்களை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தேன். இருப்பதிலேயே குறுகலான துடிப்பைக் கர்சர் வைத்து அளந்தால் 52 மைக்ரோ நொடி. 104-இல் பாதி! மாட்யூலை மாற்றிய யாரோ அதன் வேகத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த வரிசையின் வேகத்தை 19200 என்று மாற்றினேன். அதே கோட்டுக்குக் கீழே 'ஆர்', 'டி', 'ஒய்' வந்து உட்கார்ந்தன. ரெடியாம்.