ஊட்டிக் குளிரில் பிரீசர் ஏன் இளகுகிறது?

ஊட்டியில் பிரிட்ஜ் வாங்கினேன் என்று சொன்னால் கீழே இருக்கிற சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "ஊரே பிரிட்ஜ், அதுக்குள்ள இன்னொண்ணு எதுக்கு?" என்று மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போதெல்லாம் என் மாமியார் கேட்பார். கேட்டுக்கொண்டே தான் வாங்கி வந்த மீனை அதே பிரிட்ஜின் பிரீசரில் அடுக்குவார், அது வேறு விஷயம்.

அந்த மீன்தான் ஒரு ஜனவரியில் காட்டிக் கொடுத்தது. தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த வாரம். காலை ஆறு மணிக்கு எங்கள் சமையலறையில் 8 டிகிரி, தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால்கூட ஒரு சொட்டு வராது. அப்படிப்பட்ட நாளில் பிரீசரைத் திறந்து மீனை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது! பக்கத்தில் உரித்து வைத்திருந்த பட்டாணி, பையில் உதிரி உதிரியாக இருக்க வேண்டியது, செங்கல் மாதிரி ஒரே கட்டி. நடுவில் ஒருமுறை இளகி மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும். மெக்கானிக் ஒருவர் வந்தார், கேஸ் இறங்கிவிட்டது என்றார், ஏற்றினார், காசு வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாற்றமும் இல்லை. மார்ச் வந்ததும் தானாகச் சரியானது. அடுத்த டிசம்பரில் மறுபடியும் அதே கதை.

கேஸ் மேல் பழி போடுவதற்கு முன் அது செய்கிற வேலையைப் பார்த்துவிடலாம். இப்போது வரும் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன், நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்கு உடன்பிறப்பு. சாதாரணக் காற்றழுத்தத்திலேயே மைனஸ் 12 டிகிரியில் கொதித்துவிடும். திரவமாக இருப்பதை ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தம் குறைந்த இடத்துக்கு விட்டால் பிரீசர் சுவரில் இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அமுக்கி, பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும் குழாய்களில் தள்ள, அங்கே சூட்டை வெளியே கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. பிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அது உள்ளிருந்து வந்த சூடும் கம்ப்ரசர் தின்ற கரண்டும் சேர்ந்தது.

கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது தெர்மோஸ்டாட். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவு, ஒரே கம்ப்ரசர். இந்த மாதிரிப் பல மாடல்களில் தெர்மோஸ்டாட் ஒன்றுதான், அதுவும் கீழ் அறையில், பாலும் கத்தரிக்காயும் இருக்கிற இடத்தில். மேலே பிரீசரில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிரிட்ஜுக்குள் சுவர் வழியாகக் கசியும் சூடு, வெளியேயும் உள்ளேயும் இருக்கிற வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கோயம்புத்தூரில் சமையலறை 32 டிகிரி என்று வையுங்கள். கீழ் அறை 4 டிகிரி, வித்தியாசம் 28. பிரீசர் மைனஸ் 18, வித்தியாசம் 50. அதையே எங்கள் 8 டிகிரி சமையலறைக்குக் கொண்டு வாருங்கள். கீழ் அறைக்கு வித்தியாசம் வெறும் 4, ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பிரீசருக்கோ 26, பாதிதான் குறைந்திருக்கிறது. ஆக, பிரீசருக்குக் கம்ப்ரசர் இன்னும் நிறைய ஓட வேண்டியிருக்கிறது, ஆனால் உத்தரவு போடுகிற தெர்மோஸ்டாட், "இங்கே குளிராகத்தானே இருக்கிறது" என்று படுத்துத் தூங்குகிறது. ராத்திரி முழுக்கக் கம்ப்ரசர் சத்தமே கேட்கவில்லை, கரண்ட் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

இது ரகசியமும் இல்லை. பிரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஒரு வரி இருக்கும். டி என்றால் 16 முதல் 43 டிகிரி வரையுள்ள அறைக்குச் செய்தது, என் என்றால் 16 முதல் 32 வரை, எஸ்என் மட்டும் 10 டிகிரி வரை இறங்கும். வெயில் ஊருக்கென்று செய்த டி வகையைத்தான் நான் 8 டிகிரியில் நிறுத்தியிருந்தேன்.

அதற்கு மேல் நான் செய்த தப்பு, குளிர்காலம்தானே என்று தெர்மோஸ்டாட் திருகியை 1-க்குக் குறைத்தது. கீழ் அறை இன்னும் சீக்கிரம் திருப்தியாகிவிட, கம்ப்ரசர் இன்னும் குறைவாக ஓடியது. செய்ய வேண்டியது நேர் எதிர், கொஞ்சம் கூட்ட வேண்டும். ரொம்பக் கூட்டினால் கீழே கொத்தமல்லி உறைந்து கறுத்துப் போகும், அதனால் ஒவ்வொரு படியாக. அதைவிட உருப்படியான வழி இடத்தை மாற்றுவது. வராந்தாவிலோ ஸ்டோர் ரூமிலோ இருந்தால், அடுப்பெரிகிற, ஆள் நடமாடுகிற அறைக்குக் கொண்டு வாருங்கள், ஆனால் அடுப்பை ஒட்டி வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு அறைக்கும் தனித்தனி சென்சார் உள்ளதாகக் கேட்டு வாங்கலாம்.

இளகியதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வேலை: பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் காசு. காசு உள்ளே இறங்கியிருந்தால் நீங்கள் பார்க்காதபோது பிரீசர் இளகியிருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களுக்கும் இது உதவும். நிறைந்த பிரீசர் திறக்காமல் இருந்தால் 2 நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது 1 நாள்.

அப்புறம் ஐஸ். மூடுபனி உள்ளே புகுந்துதான் பிரீசரில் ஐஸ் மண்டுகிறது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. பார்க்க அப்படித்தான் தோன்றும். ஆனால் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் 9 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது, மூடுபனித் துளிகளைச் சேர்த்தாலும் ஒரு கிராம்கூட அதிகமாகாது. சென்னையின் 30 டிகிரிப் புழுக்கக் காற்றில் 20 கிராமுக்கு மேல் இருக்கும். கதவைத் திறக்கும்போது உள்ளே போகிற தண்ணீர் அங்கேதான் அதிகம். அதனால் இந்த ஊரில் ஐஸ் மளமளவென்று வளர்ந்தால் கதவு ரப்பரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. பாதி நேரம் கிழிசலாகக்கூட இருக்காது, மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சை ஏறியிருக்கும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தால் மறுபடி கவ்விப் பிடிக்கும்.

ஐஸை விரல் தடிமனுக்கு விட்டுவிட்டால் அது பிரீசர் சுவருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி, சூடு குழாய்க்குப் போய்ச் சேராது. எடுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெந்நீர்ப் பாத்திரம் வைத்து மூடுங்கள். கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம், அலுமினியக் குழாயில் ஓட்டை விழுந்தால் வெளியே வருவது எரியக்கூடிய கேஸ். கீழே ஊரில் தானாகவே சீக்கிரம் உருகிவிடும், இங்கே சும்மா திறந்துவைத்தால் சாயங்காலம் வரை ஐஸ் சிரித்துக்கொண்டிருக்கும். ஏப்ரல் மதியத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

தானாக ஐஸை உருக்கிக்கொள்ளும் வகையில் இந்த வேலை இல்லை, உள்ளே ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கி, தண்ணீரைக் குழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டுக்கு அனுப்பிவிடும். கம்ப்ரசர் சூட்டில் அது காய வேண்டும். குளிர்காலத்தில் கம்ப்ரசரே ஓடாதபோது எங்கே காய்வது? எங்கள் வீட்டில் இரண்டு நாளாக ஏதோ நாற்றம், பட்டாணியைச் சந்தேகப்பட்டு மொத்தத்தையும் கொட்டினோம். கடைசியில் பிரிட்ஜை நகர்த்திப் பார்த்தால், தட்டு நிறையப் பாசி பிடித்த தண்ணீர், அதில் மாமியார் தேடிக்கொண்டிருந்த பாட்டில் மூடி மிதந்துகொண்டிருந்தது.