ஓடாத காரின் டயருக்கும் வயதாகும்

குறைந்த எண்ணிக்கையில் மட்டும் தயாராகும் அதிவேக ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால், முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதுதான். அடுத்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? குறைவாக ஓடியிருந்தால் விலை ஏறும். டயர் துறையில் வேலை செய்யும் நான் முதலில் தேடுவது டயரின் பக்கச் சுவரில் அது தயாரான தேதியைச் சொல்லும் நான்கு இலக்கங்களை. ஏன் என்று விளக்க, போர்ஷே கரேரா ஜிடியை விடப் பொருத்தமான கார் எனக்குத் தெரியவில்லை.

2000-இல் பாரிஸில் மாதிரியாக அறிமுகமான இந்தக் காரை, ஜெர்மனியின் லைப்சிக் ஆலையில் 2003 முதல் 2006 வரை 1,270 மட்டுமே செய்தார்கள். பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கென வளர்த்தெடுத்து, அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால் ஒதுங்கிக் கிடந்த வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜின்தான் இதன் மூலம். 5.7 லிட்டர், 612 குதிரைத்திறன். காரின் எடையோ 1,380 கிலோதான். உடற்கூடு மட்டுமல்ல, இன்ஜினைத் தாங்கும் சட்டமும் கார்பன் ஃபைபர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பாகம் கிளட்ச். அதன் விட்டம் வெறும் 169 மில்லிமீட்டர். சாதாரண உலோகக் கிளட்சை இவ்வளவு சிறிதாகச் செய்தால் இந்த இன்ஜினின் இழுவையை அது தாங்காது, அதனால் செராமிக் கலவையில் இரட்டைத் தட்டாகச் செய்தார்கள். சிறிதாக்கியதன் நோக்கமே வேறு. கிளட்ச் சிறியதானால் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கை மிகத் தாழ்வாக வைக்கலாம். கிராங்க் தாழ்ந்தால் மொத்த இன்ஜினும் தாழும், காரின் எடை மையம் சாலையை ஒட்டி இறங்கும், வளைவில் கார் அதிகம் சாயாது. ஒரு தட்டின் அளவில் தொடங்கி காரின் குணத்தையே மாற்றியிருக்கிறார்கள். பழக்கமில்லாதவர் கிளட்சை விட்டால் கார் பட்டென்று ஆஃப் ஆகிவிடும் என்பது இதற்குக் கொடுத்த விலை.

இன்ஜின் நடுவில் இருப்பதால் கார் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். அதே காரணத்தால், பிடி விட்டால் சுழலவும் நேரமாகாது. சக்கரம் வழுக்கிச் சுற்றுவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டு. ஆனால் கார் பக்கவாட்டில் நழுவும்போது தானாக பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. ஆக, காரும் ஓட்டுநரும் நம்பியிருப்பது நான்கு டயர்களின் பிடிமானத்தை மட்டும்தான். முன் டயரின் அகலம் 265 மில்லிமீட்டர், பின் டயரின் அகலம் 335.

இப்படிப்பட்ட காரை வாங்கியவர்களில் பலர் ஓட்டுவதே இல்லை. கராஜில் உறையைப் போட்டு மூடி வைக்கிறார்கள். கார்பனுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ரப்பர் அப்படியல்ல.

டயர் ரப்பரில், அதைக் கெடுக்கும் ஓசோன் வாயுவைத் தடுக்கும் வேதிப்பொருளும் மெழுகும் கலந்திருக்கும். சக்கரம் உருண்டு ரப்பர் நெளியும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்புப் படலமாகும். நின்றே கிடக்கும் டயரில் இது சரியாக நடக்காது. அப்புறம் உள்ளிருந்தும் ஒரு வேலை நடக்கிறது. டயருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்றின் ஆக்சிஜன் ரப்பருக்குள் ஊடுருவி அதை இறுக்குகிறது, டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகளான ஸ்டீல் பெல்ட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பரும் பலம் இழக்கிறது. பழைய ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வெப்பம் கூடக் கூட இது இன்னும் வேகமாக நடக்கும். எங்கள் வேலையில் ஒரு கையடக்கக் கருவியின் ஊசியை டயர் பட்டனில், அதாவது சாலையைத் தொடும் மேடுகளில், அழுத்திக் கடினத்தை அளப்போம். பட்டன் முழுசாக, கறுப்பு மின்ன இருக்கும் டயரில்கூட கருவியின் கடினம் காட்டும் முள் எக்கச்சக்கமாக ஏறி நிற்கும். கண்ணுக்குப் புதிது, சாலைக்குக் கட்டை.

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் ஒரு கரேரா ஜிடி மரங்களிலும் விளக்குக் கம்பத்திலும் மோதி எரிந்தது. ஹாலிவுட் நடிகர் பால் வாக்கரும், காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தார்கள். மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் கார் 130 முதல் 150 வரை போயிருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். காரணம் வேகம் என்பதே விசாரணையின் முடிவு. ஆனால் அதே விசாரணை டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததையும், அது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்பதையும் குறிப்பிட்டது. இறுகிய டயர் பிடியை விடும்போது முன்னறிவிப்பு தருவதில்லை. நல்ல டயர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, ஓட்டுநருக்குச் சுதாரிக்க ஒரு நொடி கொடுக்கும். திறமைசாலி ஓட்டுநருக்கும் அந்த ஒரு நொடி வேண்டும்.

இத்தகைய கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1,270 கார்களுக்காக எந்த டயர் நிறுவனமும் ஆண்டு முழுக்க டயர் வார்க்கும் அச்சை ஓட்டாது. எப்போதாவது ஒரு தொகுதி செய்வார்கள், அது கிடங்கில் இருக்கும். கரேரா ஜிடிக்கு மிஷெலின் பிற்பாடு புதிய தலைமுறை டயர் கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனாலும் கடையில் "புதுசு" என்று தருவதன் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

தேதியைப் பார்ப்பது எளிது. டயரின் பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது. 2204 என்றிருந்தால் 2004-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள், பல டயர்களில் முழுக் குறியீடு ஒரு பக்கம்தான் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவரிடம் காட்டச் சொல்கிறது மிஷெலின். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிடச் சொல்கிறது. நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்கு நான் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்வேன். பட்டன் ஆழம் குறைந்தபட்ச வரம்பான 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதே என்று வாதிடாதீர்கள், ஆழம் தேய்மானத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது.

இது கோடீஸ்வரர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வரும்போது மட்டும் எடுக்கும் கார், அப்பா கோயிலுக்கு மட்டும் ஓட்டும் கார், "சிங்கிள் ஓனர், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான்" என்று விற்பனைக்கு வரும் கார், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அப்படி ஒரு காரை வாங்கினால் பைபாஸில் ஏறும் முன் நான்கு டயர்களின் தேதியையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. டிக்கியில் ஒருமுறைகூட வெளியே வராமல் கிடக்கும் ஸ்டெப்னிதான் பெரும்பாலும் அந்தக் காரிலேயே பழைய டயர். வழியில் அதை மாட்ட நேர்ந்தால், காற்றைச் சரிபார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டி அடுத்த டயர் கடையிலேயே நிறுத்துங்கள்.