லினக்ஸ் வன்தட்டை வேறு கணினிக்கு மாற்றியபின் தொடங்கவில்லையா? தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள்

சென்ற வாரம் தரவு மீட்புக்காக என்னிடம் வந்த எஸ்எஸ்டி வகை வன்தட்டில் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஓர் அலுவலகத்தில் பழைய கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவியிருந்த அந்த எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதுக் கணினியில் பொருத்தியிருக்கிறார்கள். தொடங்குவதற்குரிய சாதனம் எதுவும் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்திருக்கிறது. உடனே "டிஸ்க் போய்விட்டது" என்ற முடிவுக்கு வந்து, யூஎஸ்பி கேபிள் வழியாக அதை ஒரு விண்டோஸ் மடிக்கணினியில் செருகியிருக்கிறார்கள். பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. உதவிக்கு வந்தவரும் சரியென்று அழுத்தியிருக்கிறார். அத்தோடு நில்லாமல், அதன் மேலேயே விண்டோஸையும் நிறுவிவிட்டு, பழைய கணக்குக் கோப்புகளை எடுத்துத் தர இயலுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். எஸ்எஸ்டியில், அழிக்கப்பட்ட இடங்களைத் துடைத்துவிடச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடி முடிந்த பிறகு மீட்பு மென்பொருள்களால் பெரும்பாலும் பயனில்லை. இதே கதை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் அந்த ஃபார்மட் கேள்வியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளை (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளை) விண்டோஸால் தானாகப் படிக்க இயலாது. தனக்குப் புரியாத பிரிவு (வன்தட்டின் ஒரு பகுதி) ஒன்றைக் கண்டால், அதில் இருபது ஆண்டுக் கணக்குகள் இருந்தாலும் சரி, வெற்றிடமாக இருந்தாலும் சரி, அது ஒரே கேள்வியைத்தான் கேட்கும். அது வன்தட்டைச் சோதித்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அன்று. "எனக்கு இது படிக்கத் தெரியவில்லை" என்ற ஒப்புதல் மட்டுமே. தமிழ் தெரியாத ஒருவர் ஓலைச்சுவடியைப் பார்த்து வெறும் கிறுக்கல் என்று சொன்னால் நாம் அதை அடுப்பில் போடுவோமா? ஆனால் வன்தட்டு விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம். டிஸ்க்கை "இனிஷியலைஸ்" செய்யட்டுமா, அதாவது புதுத் தட்டாகத் தயார்படுத்தட்டுமா, என்று கேட்டாலும் அதே பதில்தான்: வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சில யூஎஸ்பி உறைகள் தரவைச் சேமிக்கும் சிறு துண்டான செக்டரின் அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 பைட்டாகக் காட்டும். அப்போது நல்ல நிலையில் உள்ள பிரிவு அட்டவணைகூடக் காணாமல் போனதுபோல் தோன்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வன்தட்டு உயிருடன் இருக்கிறதா என்று அறிய விண்டோஸ் தேவையில்லை. ஏதாவது ஒரு லினக்ஸின் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து இயங்கும் லினக்ஸில்) கணினியைத் தொடங்கி, பழைய பிரிவைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் வகையில் மவுண்ட் செய்து (இணைத்து) பாருங்கள். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறை தெரிந்தால் உங்கள் தரவு இருக்கிறது என்று பொருள். முதலில் அதை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகு நிதானமாகப் பழுது பார்க்கலாம்.

இன்னொரு தவறான எண்ணம், மதர்போர்டு மாறினால் லினக்ஸை மறுபடியும் நிறுவியே தீர வேண்டும் என்பது. உண்மையில், வன்பொருளை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருவதால், மற்ற இயங்குதளங்களைக் காட்டிலும் லினக்ஸ் புது வன்பொருளில் எளிதாகவே எழுந்து நிற்கும். தடுமாறுவது பெரும்பாலும் முதல் படியில்தான். யூஇஎஃப்ஐ (இக்காலக் கணினிகளைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருள்) முறையில் நிறுவும்போது, கிரப் என்னும் தொடக்க நிரல் வன்தட்டில் உள்ள இஎஃப்ஐ பிரிவில் எழுதப்படுகிறது. ஆனால் அந்த நிரல் எங்கே இருக்கிறது என்ற பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்படுகிறது. வன்தட்டைக் கழற்றினால் நிரல் உங்களோடு வரும். பதிவு பழைய மதர்போர்டிலேயே தங்கிவிடும். பதிவு இல்லாத புது மதர்போர்டு, இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற பெயரில் உள்ள பொதுவான இடத்தில் மட்டும் தேடிப்பார்க்கும். விண்டோஸும், உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளும் அந்த இடத்திலும் ஒரு நகலை வைத்துவிடுகின்றன. டெபியன் நாம் கேட்டுக்கொண்டாலொழிய வழக்கமாக வைப்பதில்லை. "விண்டோஸ் டிஸ்க் வேலை செய்கிறது, லினக்ஸ் டிஸ்க் மட்டும் செய்யவில்லை" என்று வருபவர்களின் குறை பாதிக்குமேல் இதுதான்.

தீர்வும் அதற்கேற்ப எளியது. பல மதர்போர்டுகளின் அமைப்புத் திரையில், தொடக்கக் கோப்பை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். அதில் டெபியன் கோப்புறைக்குள் உள்ள ஷிம் (கிரப்பை அழைக்கும் சிறு நிரல்) அல்லது கிரப் கோப்பைக் காட்டினால் இயங்குதளம் தொடங்கிவிடும். உள்ளே நுழைந்ததும் கிரப் தொகுப்பை மறு உள்ளமைவு செய்து, நீக்கத்தக்க ஊடகத்திற்கான பாதையிலும் (மேலே சொன்ன பொதுவான இடத்திலும்) நிறுவட்டுமா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிடுங்கள். அத்தகைய வசதி இல்லையென்றால் லைவ் யூஎஸ்பியிலிருந்து ரூட் பிரிவையும் (இயங்குதளம் உள்ள பிரிவு) இஎஃப்ஐ பிரிவையும் மவுண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளை மூலம் பழைய இயங்குதளத்தின் உள்ளே போய் அதே வேலையைச் செய்ய வேண்டும். லைவ் யூஎஸ்பியையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, மணிக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கணினி பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் இயங்கியதென்றால் நிலைமை வேறு. அங்கே தொடக்க நிரல் வன்தட்டின் முதல் செக்டரில் இருக்கும். அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில் அதைப் படிக்கும் சிஎஸ்எம் வசதியே கிடையாது. இஎஃப்ஐ பிரிவு ஒன்றைப் புதிதாக உருவாக்கி, யூஇஎஃப்ஐக்கான கிரப்பை நிறுவ வேண்டும். இடத்துக்காக இருக்கும் பிரிவைச் சுருக்க நேர்ந்தால், காப்பு நகல் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். இது வேண்டுகோள் அன்று, எச்சரிக்கை.

கிரப் பட்டியல் வந்து, அதற்குப் பிறகு இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பிரிவைத் திறக்கும்வரை கெர்னலுக்கு உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுதி) என்று காட்டும் கறுப்புத் திரையில் நின்றுவிட்டால், ரூட் பிரிவைக் கெர்னலால் காண முடியவில்லை என்று பொருள். முதலில் மதர்போர்டு அமைப்பில் சேமிப்பக முறையைப் பாருங்கள். அது இன்டெலின் ரெய்டு அல்லது விஎம்டி முறையில் இருந்தால் ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அதே கணினியில் வேறொரு தட்டில் விண்டோஸும் இருந்தால், முன்னேற்பாடின்றி மாற்றினால் அது நீலத் திரையில் போய் நிற்கும். அடுத்த சந்தேகம் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் மீதே விழ வேண்டும். ஃபெடோரா, அதை உருவாக்கிய கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே அதில் சேர்க்கும் என்பதால், வேறு வகைக் கணினியில் அது திணறக்கூடும். இதற்காகவே ஃபெடோராவின் தொடக்கப் பட்டியலில் மீட்புக் கெர்னல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நுழைந்து டிராகட் என்ற கருவியைக் கொண்டு அந்த இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதிதாக உருவாக்கினால் போதும்.

அவசர நிலைத் திரையில் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றால், அதற்கு முன் ஒன்றரை நிமிடம் எதற்காகவோ காத்திருந்ததைக் கவனித்திருப்பீர்கள். பழைய கணினியில் இருந்த இரண்டாவது வன்தட்டு தொடங்கும்போது இணைக்க வேண்டிய தட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இன்னும் எழுதப்பட்டிருக்கும்; அந்த வரியை நீக்கிவிடுங்கள், அல்லது நோஃபெயில் (தட்டு இல்லாவிட்டாலும் தொடரச் சொல்வது) என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று தட்டின் பெயரால் எழுதியிருந்தாலும் இதே தொல்லை வரும். பெயர் கணினிக்குக் கணினி மாறும், பிரிவின் தனி அடையாள எண்ணான யூயூஐடி மாறாது. திரை முழுதும் கறுத்துப் போனால் பழைய என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள். நோமோட்செட் என்று கெர்னல் வரியில் (கிரப் பட்டியலில் திருத்தக்கூடிய தொடக்கக் கட்டளையில்) சேர்த்து உள்ளே போய் அதை நீக்கலாம். எல்லாம் சரியாகி இணையம் மட்டும் வரவில்லையென்றால், நிலையான ஐபி முகவரியைப் பழைய நெட்வொர்க் இடைமுகத்தின் பெயரில் எழுதியிருப்பீர்கள். புதுப் பெயரை அறிந்து மாற்றினால் முடிந்தது. இதற்காகப் புது நெட்வொர்க் கார்டு வாங்காதீர்கள், வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால், வன்தட்டைக் கழற்றுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். காப்பு நகல் எடுங்கள். சிஸ் அடைவில் ஃபர்ம்வேருக்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து, எந்த முறையில் தொடங்கியது (இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லையென்றால் பயாஸ்) என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரப்பைப் பொதுவான பாதையிலும் ஒருமுறை நிறுவிவிடுங்கள். வன்தட்டைக் குறியாக்கம் செய்து, கடவுச்சொல் கேட்காமல் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லின் துணையால் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால், இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: அந்தத் திறவுகோல் பழைய மதர்போர்டில் உள்ள சில்லுக்கு மட்டுமே உரியது, புதுக் கணினியில் அது திறக்காது. முதலில் நிறுவியபோது கொடுத்த கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ உங்களிடம் இருக்கிறதா, அது உண்மையிலேயே பூட்டைத் திறக்கிறதா என்று பழைய கணினியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கணினியைப் பழைய சாமான் கடைக்கு அனுப்புங்கள்.