ஆறிய சோறு சர்க்கரையை ஏற்றாதா?

"சோற்றை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிட்டால் சுகர் ஏறாதாமே, நிஜமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ அப்படித்தான் சொல்கிறதாம். அதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் நிஜம். "ஏறாது" என்பது பொய்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. எச்சிலிலும் சிறுகுடலிலும் இருக்கும் அமைலேஸ் நொதி அதைத் துண்டு துண்டாக வெட்ட, குளுக்கோஸ் ரத்தத்தில் சேர்கிறது. நாக்குக்கு இனிக்காத சோறு ரத்தத்தில் இனிப்பது இப்படித்தான். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீட்டில் குளுக்கோஸ் 100. 70-ஐத் தொட்டாலே 'அதிகம்'. சென்னையில் சோதித்த பொன்னி 70, சோனா மசூரி 72, சூர்த்தி கோலம் 77. வெள்ளைச் சர்க்கரை 65 வாக்கில்தான் நிற்கிறது, ஏனென்றால் அதில் பாதி ஃபிரக்டோஸ். காபியில் சர்க்கரையை விட்டுவிட்டு, மதியம் சோற்றைக் குவித்துச் சாப்பிடுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி சுவையான பகுதி. அரிசியில் இரண்டு வகை மாவுச்சத்து உண்டு. அமைலோபெக்டின் கிளை விட்டுப் படர்ந்த பெரிய மூலக்கூறு. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீளச் சங்கிலி. வேகாத அரிசியில் இவை இறுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நொதி எளிதில் நுழைய முடியாது. உலை கொதித்து 60, 70 டிகிரியைத் தாண்டும்போது நீர் உள்ளே புகுந்து அந்த அடுக்கைக் குலைக்கிறது. மணி உப்பி, சங்கிலிகள் அவிழ்ந்து கிடக்கின்றன. வெந்த சோறு சட்டென்று செரிப்பது இதனால்.

சோறு ஆறும்போது கதை திரும்புகிறது. அவிழ்ந்த அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, கயிறு திரிப்பது போல இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்கின்றன. முறுக்குகள் நெருங்கி அடுக்கிப் படிகமாகின்றன. இதற்குச் சில மணி நேரம் போதும். அமைலோபெக்டினும் இதையே செய்யும், ஆனால் கிளைகள் இடிப்பதால் நாள்கணக்கில் இழுக்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரிதான் இந்த வேலைக்குத் தோதான குளிர். மறுநாள் சோறு விறைத்து உதிரி உதிரியாக நிற்பது இந்தப் படிகங்களின் கைவேலை. அமைலோஸ் அறவே இல்லாத ஒட்டரிசியில் இது மந்தம்.

சூடாக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா? ஆகாது, அதுதான் இதில் அழகு. அமைலோபெக்டின் படிகம் 60 டிகிரிக்குள் உருகிவிடும். சோறு மீண்டும் மெத்தென்று ஆவது அதனால். அமைலோஸ் படிகம் உருகச் சுமார் 140 டிகிரி வேண்டும். ஆவியில் காட்டினாலும் சோறு 100-ஐத் தாண்டாது. நொதிக்கு மசியாத இந்தப் பகுதி அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாவுக்கு இரையாகி, குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருளான பியூட்ரேட்டாக மாறுகிறது. ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்ற பெயரை இதற்கு 1982-இல் வைத்தவர் ஹான்ஸ் இங்லிஸ்ட் என்ற ஆய்வாளர்.

எவ்வளவு மிச்சமாகும்? 2015-இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் சுடுசோற்றில் இந்த வகை 0.64 கிராம். அறையில் பத்து மணி நேரம் ஆறியதில் 1.30. ஒரு நாள் முழுக்க 4 டிகிரியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65. அதாவது 100 கிராம் சோற்றில் இருக்கும் சுமார் 28 கிராம் மாவுச்சத்தில் ஒரே ஒரு கிராம் கைமாறுகிறது. 15 பேரிடம் சோதித்தபோது ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் 18 விழுக்காடு வரை குறைந்தது, ஆனால் அவர்கள் நோயில்லாதவர்கள். நல்ல செய்திதான், ஒரு தட்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளக் கிடைத்த அனுமதி அல்ல. 300 கிராம் சோறு சாப்பிடுபவருக்கு இந்த வித்தையால் 3 கிராம் லாபம். அதையே 150 கிராமாக்கினால் 42 கிராம்.

சோற்றை ஆற வைப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து அது கக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு நாளுக்குள் சாப்பிடுங்கள், ஒரே ஒரு முறை, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். குக்கரோடு மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. நீரூற்றிய பழைய சோற்றில் லாக்டிக் பாக்டீரியா அமிலத்தைக் கூட்டி இந்தக் கிருமியைத் தடுமாற வைக்கும், அது வேறு கணக்கு. "முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்" என்று ஃபார்வர்டு செய்வதை விட, பழைய சோற்றை நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப் பணம் ஒதுக்குவதே அந்த முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கட்சி. 'சோற்றிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கும்' குக்கர் விளம்பரங்களுக்கும் அதே சோதனை வேண்டும். வடிகஞ்சியோடு போவது மணியிலிருந்து கசிந்த கொஞ்சம் மாவு. பெரும்பகுதி மணிக்குள்ளேயே இருக்கிறது.

நிலைக்கும் பழக்கம் வேண்டுமென்றால், முதலில் ஒரு வாரம் தராசில் சோற்றை நிறுத்துப் போடுங்கள். கண் அளவு எப்போதும் நம்மை ஏமாற்றும். பிறகு ஒரே ஒரு வேளைச் சோற்றை மட்டும் குறைத்து, குறைந்த இடத்தில் சுண்டல், கூட்டு, முட்டை, மீன் என்று நிரப்புங்கள். மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றியவர்கள் பத்தாம் நாள் பிரியாணிக் கடையில் இருப்பார்கள். பொரியலையும் புரதத்தையும் முதலில் முடித்து, கால் மணி கழித்துச் சோற்றைத் தொடுவதும் வேலை செய்கிறது. நியூயார்க்கில் டைப் 2 நீரிழிவு உள்ள 11 பேரிடம், மாவுப் பண்டத்தைக் கடைசிக்குத் தள்ளியபோது ஒரு மணி நேரத்தில் சர்க்கரை அளவு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. சாப்பாடு அதே சாப்பாடுதான், வரிசைதான் மாறியது.

இன்சுலின் போடுபவர்களும் இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டு, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வாருங்கள்.