இரவு ரத ஊர்வலமும் ஆக்‌ஷன் கேமராவும்: படம் ஏன் நடுங்குகிறது?

தைப்பூசத்தையொட்டி இரவில், கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும். அதை ஆக்‌ஷன் கேமராவில் எடுத்து எடிட்டிங்குக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “ஸ்டெபிலைசேஷன் போட்டுத்தான் எடுத்தேன், இருந்தும் படம் நடுங்குது.” ஸ்டெபிலைசேஷன் என்பது நடையின் அதிர்வைச் சமன்செய்யும் வசதி. கேமராவில் கோளாறு இல்லை. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, ஆட்டோவில் விட்டதுதான் வினை.

பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் லென்ஸ் துளை எஃப் 2.5 அல்லது 2.8 என்று நிலையாக இருக்கும். வெளிச்சம் குறைந்தால் ஆட்டோவுக்கு இரண்டே வழி: ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வை) ஏற்றும், ஷட்டரை மெதுவாக்கும். வினாடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) வைத்திருந்தால் ஷட்டர் 1/25 வினாடி வரை இறங்கிவிடும். நடந்துகொண்டே எடுக்கும்போது ஒவ்வொரு எட்டின் அதிர்வும் ஃபிரேமுக்குள்ளேயே இழுவலாகப் பதிகிறது. ஸ்டெபிலைசேஷன் ஃபிரேம்களை நகர்த்தி வரிசைப்படுத்தும். உள்ளே பதிந்த இழுவலை அதனால் அழிக்க முடியாது. திரையில் ரதம் அசையாமல் நிற்கும், அதன் விளக்குகள் மட்டும் மங்கி மங்கித் தெளியும். கண்ணுக்கு அது நடுக்கம்.

ஆகவே முதல் வேலை ஷட்டரைப் பூட்டுவது. நடந்து எடுத்தால் 1/50, ரதத்தின் அருகே வெளிச்சம் நிறைய இருந்தால் 1/100. இந்த எண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/50, 1/100 இரண்டும் அந்தத் துடிப்பை முழுதாக அள்ளும். 1/60 வைத்தால் அரைகுறையாகச் சிக்கி, படத்தில் கறுப்புப் பட்டைகள் தெரியும். கோப்ரோ கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கரை (விளக்குத் துடிப்பைத் தவிர்க்கும் அமைப்பை) 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால்தான் 25, 50 ஃபிரேம் தேர்வுகளே தெரியும். மலிவான அலங்கார எல்இடிகள் பலவற்றின் துடிப்பு மின்சாரத்தோடு ஒட்டாது. அவற்றுக்கு இந்தக் கணக்கு எடுபடாது, கோணத்தை மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

ஐஎஸ்ஓவின் உச்சவரம்பு 1600. அதற்கு மேல் போனால் புள்ளிகள் பெருகும், அதை வழிக்க கேமரா முயலும்போது முகங்கள் மெழுகாகிவிடும். 60 ஃபிரேம் ஆசையை இரவில் விட்டுவிடுங்கள். ஷட்டர் அதற்கேற்ப வேகமாக வேண்டியிருப்பதால் ஐஎஸ்ஓதான் ஏறும்.

எக்ஸ்போஷர் கழிவு, அதாவது படத்தைச் சற்று இருட்டாக எடுக்கச் சொல்லும் அளவு, -0.5 முதல் -1 வரை. இருட்டுத் தெருவைப் பார்த்து ஆட்டோ வெளிச்சத்தைக் கூட்ட, ரதத்தின் நடுவே இருக்கும் முருகன் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுவார். வெளுத்துப் போனதை எடிட்டில் மீட்க முடியாது. இருட்டை ஓரளவு தூக்கலாம். வெள்ளைச் சமநிலையை (நிறச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பை) 4000 கெல்வினில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பச்சை விளக்கைத் தாண்டும்போதெல்லாம் நடுவிலேயே நிறம் மாறும்.

வெளிச்சத்துக்கு நடை தரும் பதில் மெனு தராது. தண்ணீர்ப் பந்தலின் டியூப்லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வருகிறவர்களின் முகம் தானாகத் துலங்கும். லென்ஸ் அகலமானது, ஒன்றிரண்டு மீட்டர் நெருங்கினால்தான் ஆள் தெரிவார். ஆனால் காவடி எடுப்பவர் கண்ணில் எல்இடி விளக்கை அடிக்காதீர்கள். படம் நன்றாக வந்தாலும் அது அநாகரிகம்.

குளிர்ந்த எல்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸில் நீராவி படியும். கேமராவை மூடிய பிளாஸ்டிக் பையிலேயே பதினைந்து நிமிடம் வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். பேட்டரிக் கதவைப் புழுக்கத்தில் திறந்தால் ஈரக் காற்று உள்ளே போய், அடுத்த குளிரில் கண்ணாடியின் உட்புறம் படியும். அதைத் துணியால் துடைக்க முடியாது. பேட்டரி மாற்றுவதைக் குளிரூட்டிய அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில், விரல் ரேகை ஒன்று போதும், ஒவ்வொரு பல்பிலிருந்தும் கோடு நீள. தேங்காய் உடைக்கும் இடத்தைத் தாண்டியதும் கட்டாயம் மைக்ரோஃபைபரால் துடையுங்கள்.

முந்தின வாரமே சமையலறை டியூப்லைட்டின் கீழ் 1/50, 1/60, 1/100 என்று பத்து வினாடிப் பதிவுகள் மூன்று எடுத்து, கணினியில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். ஃபோன் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.